அத்தா ராஜுவாக இருந்த மழைக்காலம்

நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் உங்களில் ஒருத்தர் எழுதியிருந்தீர்கள்: "நம்ம காலத்துல மதம், ஜாதின்னு ஒண்ணுமே தெரியாது. இப்பதான் எல்லாம் கெட்டுப்போச்சு." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நானும் ஒன்று போடலாமென்று விரலைக் கொண்டுபோனேன். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தேன். போட முடியவில்லை.

நமக்கெல்லாம் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சுகர் மாத்திரை, முட்டி வலி, பிள்ளைகளின் பரீட்சை என்றுதான் பேசிக்கொள்கிறோம். இந்த வயதில் யாரையும் கூண்டில் ஏற்ற எனக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் உங்களோடு எட்டாம் வகுப்பில் மூன்றே மாதம் உட்கார்ந்துவிட்டு டிசி வாங்கிக்கொண்டு போனவள் நான். ஏன் போனேன் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் அத்தா, உங்கள் வழக்கில் அப்பா, கேஸ் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறவர். உங்களிடம் 'மெக்கானிக்' என்று சொல்லி வைத்திருந்தேன். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பழைய பித்தளை பர்னரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பெங்களூர் லிங்கராஜபுரத்துத் தெருக்களில் ஸ்பேனரால் அதைத் தட்டிக்கொண்டே போவார். கோயில் மணியும் இல்லாமல், ஐஸ் வண்டி மணியும் இல்லாமல் ஒரு நடுத்தரமான சத்தம். உங்களில் பாதிப் பேர் வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டிருப்பீர்கள். தட்டுகிறவர் என் அத்தா என்று தெரிந்திருக்காது.

அவர் நகங்களில் எப்போதும் கருகின பால் வாசனை இருக்கும். ஏரியாவில் எல்லார் வீட்டிலும் பொங்கி வழிந்த பால் அது. எந்தச் சோப்புக்கும் போகாது. பர்னரைக் கழற்றினாலே அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுவார். "இது அவசரக்காரங்க வீடு, சாம்பாரு பொங்குறப்போ டிவி பார்த்துட்டு இருந்திருக்காங்க." அம்மா சிரிப்பாள். அவர் போகிற இடமெல்லாம் சமையலறை. செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிக்கொண்டு, பொம்பளைங்க புழங்குகிற இடத்துக்குள் போய் உட்கார்ந்து எழுந்து வருகிற தொழில். பத்து வருஷமாக அவரை யாரும் பேர் கேட்டதில்லை. 'ஸ்டவ்காரரே' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் எலெக்ஷன் வந்தது. ஒலிபெருக்கி கட்டின ஜீப்புகள் நாள் முழுக்கத் தெருவைச் சுற்றின. ரிசல்ட் அன்றைக்கு மாடியில் ஹவுஸ் ஓனர் வீட்டு டிவியில் நம்பர்கள் ஓடுவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். தெருமுனையில் பட்டாசு வெடித்தது. ஜெயித்த சந்தோஷத்துக்கு வெடிப்பது வழக்கம்தான். ஆனால் அன்று வெடித்தவர்கள் எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே வந்து நின்று ஒரு சரம் முழுக்க வெடித்துவிட்டுப் போனார்கள். அத்தா உள்ளே பாயில் உட்கார்ந்து ஒரு ரெகுலேட்டரைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அம்மா மட்டும் ஜன்னலைச் சாத்தினாள்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து கேட்டைத் திறப்பதற்கு முன்னால் பேர் கேட்க ஆரம்பித்தார்கள்.

அத்தா சொல்லுவார். சொன்னதும் சில வீடுகளில் கதவு திறக்கும். சில வீடுகளில், "இல்லப்பா, இப்ப நல்லாத்தான் எரியுது" என்பார்கள். கூப்பிட்டதே அவர்கள்தான். ஒருநாள் காலையில் போனவர், பையைத் திறக்காமலே மூன்று மணிக்குத் திரும்பி வந்து சுவரோரம் வைத்தார். மழைத் தூறல் பிடித்திருந்தது. அம்மா துண்டை நீட்டினாள்.

"நாளையிலேருந்து ராஜுன்னு சொல்லப்போறேன்," என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "பேரை மாத்திச் சொல்லித்தான் சோறு திங்கணுமா?"

"பேரா ஸ்டவ்வை ரிப்பேர் பண்ணுது? கைதானே பண்ணுது. ரெண்டு மாசம். சூடு அடங்கினா எல்லாம் பழையபடி ஆயிடும்."

"தெரிஞ்சா?"

"யாரு சொல்லப்போறாங்க? நெஜப் பேரைச் சொன்ன வீட்டுப் பக்கமே போகமாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, வெளிய என்னைப் பார்த்தா அத்தான்னு கூப்பிடாத. அப்பான்னு கூப்பிடு. வாய்ல வரலைன்னா கூப்பிடவே வேணாம். பார்க்காத மாதிரி போயிடு."

சாதாரணமாகத்தான் சொன்னார். மழை வருது குடை எடுத்துக்கோ என்கிற மாதிரி. தலையை ஆட்டினேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு 'அப்பா, அப்பா' என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ பேசுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குள் அத்தா என்று கூப்பிட்டுப் பழகினால் வெளியிலும் வந்துவிடுமே என்று பயம் பிடித்துக்கொண்டது. அதனால் வீட்டிலும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். "அம்மா, சாப்பாடு ஆச்சான்னு கேக்குறாங்க", "சோப்பு எங்கன்னு கேக்குறாங்க" என்று சுற்றி வளைத்துப் பேசினேன். மூன்று மாதம். அவர் அதைக் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. பிரவுன் அட்டை போட்ட நோட்டுகளில் லேபிள் ஒட்டி, பேர் எழுதும் இடத்தில் இனிஷியல் மட்டும் எழுதினேன். கிளாஸ் டீச்சர், "உனக்குப் பேர் இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தீர்கள். டிபன் பாக்ஸில் தினமும் எலுமிச்சை சாதம்தான் வேண்டும் என்று அம்மாவிடம் அடம் பிடித்தேன். என்ன கறி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பேர் வருவதற்கு மூன்று பேர் முன்னாலிருந்தே காது சூடாகிவிடும். 'எஸ் மிஸ்' என்று சீக்கிரம் சொல்லிவிட்டால் அந்தப் பேர் சீக்கிரம் கரைந்து போகும் என்று நினைப்பேன். ஒரு தடவை பேரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம் அந்த லீடர் எலெக்ஷன். ஆறாவதிலும் ஏழாவதிலும் நான்தான் லீடர், டீச்சர்கள் வைத்தது. எட்டாவதில் சோஷியல் டீச்சருக்கு ஒரு யோசனை. "நாடே ஓட்டுப் போட்டுச்சு, நாமளும் போடலாம். ஜனநாயகம்னா என்னன்னு கத்துக்குங்க." நல்ல மனுஷிதான். சீட்டுக் கிழித்து, சாக்பீஸ் டப்பாவில் போடச் சொல்லி, போர்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினார். எனக்கு நாலு ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று நான் போட்டது. டீச்சர் தன் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. பிறகு, "வெற்றி தோல்வி சகஜம், எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.

சாயங்காலம் பெல் அடிப்பதற்குள் ஒன்பது பேர் தனித்தனியாக வந்து, "நான் உனக்குத்தான்டி போட்டேன்" என்று சொன்னீர்கள். விழுந்தது நாலு. நான் கணக்கில் மோசமில்லை. அன்று ராத்திரி அதை அம்மாவிடம் சொல்லவில்லை. லீடர் வேலை பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன் என்றேன்.

என் பெஞ்சுத் தோழி மட்டும் அந்த ஒன்பதில் இல்லை. வழக்கம்போல என் பென்சிலை எடுத்துச் சீவிக் கொடுத்தாள். அவள் எனக்குப் போட்டிருப்பாள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சயின்ஸுக்கு இலைகளை ஒட்டி ஒரு சார்ட் செய்ய வேண்டியிருந்தது.

அவர்களும் தமிழ் வீடுதான். மேட்டுத் தெருவில், போகன்வில்லா படர்ந்த கேட். அவள் அம்மாவை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தார், கூடத்தில் ஃபேன் போட்டுவிட்டார், "நல்லா சாப்பிடு, எலும்பாட்டம் இருக்க" என்றார். தரையில் சார்ட்டை விரித்துக் கோந்து தடவிக்கொண்டிருந்தோம். அப்போது தெருவில் அந்தப் பித்தளைச் சத்தம் கேட்டது.

ஆன்ட்டி வாசலுக்குப் போனார். "ராஜு, நல்ல நேரத்துல வந்தப்பா. பெரிய பர்னர் மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி."

அத்தா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கூடத்தைக் கடக்கும்போது என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பார்வை என்மேல் நிற்காமல் சார்ட்டுக்குப் போய், ஃபேனுக்குப் போய், சமையலறைக்குள் போய்விட்டது. நான் ஒரு அரச இலையை எடுத்துக் கோந்து தடவினேன். ஏற்கெனவே தடவின இலை அது.

சமையலறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஆன்ட்டி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். வேலை செய்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு.

"கீழ்த் தெருவுல ரெண்டு வீடு அவங்க ஆளுங்களுக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க, பார்த்தியா? கேட்டா, வாடகை கரெக்டா தராங்கன்றாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆமாங்கம்மா."

"எலெக்ஷனுக்கு அப்புறமாவது கொஞ்சம் அடங்குவாங்கன்னு பார்த்தேன்." பிறகு குரல் தணிந்தது. ஆனாலும் எனக்குக் கேட்டது. "கூடத்துல உக்காந்திருக்கு பாரு ஒரு பொண்ணு, அதுவும் அவங்கதான். என் பொண்ணோட படிக்குது. தங்கமான பொண்ணு, பொய் சொல்லக் கூடாது. ஆனா அதோட அப்பன் எப்படிப்பட்டவனோ, யாருக்குத் தெரியும்?"

ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"ஆமாங்கம்மா," என்றார் அத்தா. "யாருக்குத் தெரியும்."

தோழி என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலை எடுத்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அரை நிமிஷம். அத்தா எதையோ சரியாக முடுக்காமல் விட்டிருக்க வேண்டும். பத்து வருஷத்தில் அப்படி அவர் விட்டதில்லை. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனதும் குப்பென்று ஒரு சத்தம். கதவு வழியே ஆரஞ்சு நிறமாக ஒன்று எழும்பி அடங்கினது தெரிந்தது. அத்தா கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"அத்தா!"

கத்தினது நான்தான். கத்தின பிறகுதான் தெரிந்தது. இலைகளை மிதித்துக்கொண்டு ஓடி, அவர் வலது கையைப் பிடித்து ஸிங்க்கில் குழாயைத் திறந்து கீழே வைத்தேன். கைமுடியெல்லாம் சுருண்டு பொசுங்கியிருந்தது. புறங்கை சிவந்து தோல் பளபளத்தது. ஆன்ட்டி முதலில் சிலிண்டரை மூடினார். பிறகு டூத்பேஸ்டை எடுத்து ஓடிவந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ராஜுன்னுதானே சொன்ன?"

அத்தா குழாயடியில் கையைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு மாசமா இந்தக் கிச்சனுக்குள்ள வந்துட்டுப் போறியேப்பா. நெஜப் பேரைச் சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" அவர் குரலில் கோபத்தைவிட நடுக்கம்தான் இருந்தது. டூத்பேஸ்டை மேடைமேல் வைத்துவிட்டு, மகளை அருகே இழுத்துக்கொண்டார்.

அத்தா குழாயை மூடினார். இடது கையால் கேஸ் வரும் ஜெட்டைக் கழற்றி மறுபடி முடுக்கினார். சிலிண்டரைத் திறந்து, கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார். பிறகு பற்றவைத்தார். "இப்ப பாருங்கம்மா, நீலமா எரியுது," என்றார். பையை எடுத்துக்கொண்டு, "வாம்மா" என்றார் என்னிடம். சார்ட் அங்கேயே கிடந்தது.

வழியெல்லாம் சைக்கிளை இடது கையால் தள்ளிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நான். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பேக்கரி அருகே நின்று, "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி நடந்தோம்.

ஆன்ட்டி கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார். பக்கத்து வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லியிருக்கும். 'நம்ம ஸ்டவ்வைச் செஞ்சவர் முஸ்லிமாம்' என்று புறப்பட்ட செய்தி, இரண்டு தெரு தாண்டும்போது, 'பேரை மாத்திக்கிட்டு ஒருத்தன் கிச்சனுக்குள்ள பூந்து கேஸை என்னமோ பண்ணியிருக்கான், நெருப்பே பிடிச்சுக்கிச்சாம்' என்று ஆகிவிட்டது. அதற்கு மூன்று நாள் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்தேன். பெரிய சாக்கடைப் பாலத்தில் கூட்டம். நடுவில் அத்தா நின்றிருந்தார், கையில் கட்டோடு. ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் மகன்களை ஸ்கூலிலிருந்து அழைத்துப் போக வந்தவர்கள். யாரும் அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஸ்பேனர்கள், ஜெட்டுகள், துணியில் சுற்றின ரெகுலேட்டர்கள் எல்லாம் ரோட்டில் விழுந்தன. ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிக் கீழே ஓடுகிற கறுப்புத் தண்ணீரில் விட்டார்கள். ஹேண்டில்பாரில் தொங்கின பர்னரை ஒருவன் அறுத்து எடுத்து, தட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதையும் போட்டான். கடைசியாக சைக்கிள்.

"இன்னொரு தடவை இந்தப் பக்கம் பார்த்தோம்..." என்று கன்னடத்தில் ஒருவர். அத்தா, "ஆய்த்து சார், ஆய்த்து" என்றார். சரி சார், சரி.

நம் வகுப்பில் ஐந்தாறு பேர் பாலத்து ஓரத்தில் நின்று பார்த்தீர்கள். என் பெஞ்சுத் தோழியும் இருந்தாள். நான் உங்கள் பின்னால் நின்றேன். முன்னால் போகவில்லை. பார்க்காத மாதிரி போய்விடு என்று அவர் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் செய்தேன். சுற்றுவழியாக வீட்டுக்குப் போனேன்.

அம்மா விடவில்லை. அத்தாவை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள், நானும் போனேன். புகார் எழுதுகிறவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, "முதல்ல பொய்ப் பேர் சொன்னது யாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். எழுந்து வந்தோம்.

டிசி கேட்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரெஸ் வருத்தப்பட்டார். "அவசரப்படாதீங்க. இதெல்லாம் அரசியல், ரெண்டு மாசத்துல அடங்கிடும். எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது." அத்தா தலையாட்டினார். அவரும் முன்பு அதே இரண்டு மாதத்தைத்தான் சொல்லியிருந்தார்.

ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போனோம். அங்கே மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. அத்தாவுக்கு ஒரு பேக்டரி கேண்டீனில் அடுப்புகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. நான் வேறு ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே யாரிடமும் அதிகம் பேசவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அன்றைக்குச் சொன்னேனே என்று அம்மா ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. என்னை மட்டும் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது: நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் லிங்கராஜபுரத்தில் இருந்திருப்போம். ஒரே ஒரு வார்த்தை.

அத்தாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்பார். செருப்பைக் கழற்றமாட்டார். தன் முழுப் பேரையும், தன் அத்தா பேரையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லுவார். "வரலாமா?" என்பார். வாங்க என்று சொன்ன பிறகுதான் காலெடுத்து வைப்பார். சொந்த மச்சான் வீட்டிலும் அப்படித்தான். ஆரம்பத்தில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி வந்த பிறகு என் வீட்டுக்கும் அப்படியே வந்தார். "அத்தா, இது நம்ம வீடு," என்று கையைப் பிடித்து உள்ளே இழுப்பேன். பாதிப் பேரோடு அவர் வாய் நின்றுபோகும். உள்ளே வந்து உட்காருவார். ஆனால் அன்று முழுக்க ஒரு மாதிரி இருப்பார், சரியாகச் சாப்பிடமாட்டார்.

அவர் காலமாவதற்கு முந்தின வருஷம், ஒரு மத்தியானம், தைரியம் வந்து கேட்டேன். "அன்னிக்கு நான் கத்தாம இருந்திருந்தா இதெல்லாம் ஆகியிருக்காது, இல்லத்தா?"

வலது கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு மங்கிவிட்டிருந்தது.

"கை சுட்டது எனக்கு ஞாபகமே இல்லம்மா," என்றார். "மூணு மாசமா நீ என்னைக் கூப்பிடல. வீட்டுக்குள்ளகூட கூப்பிடல. அன்னிக்குத்தான் கூப்பிட்ட."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பாத்திரம் கழுவுகிற மாதிரி வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். செருப்போடு நின்றுகொண்டு, நேராக நிமிர்ந்து, பேரைச் சொல்ல ஆரம்பித்தார். எதிர் பிளாட்டில் கதவு லேசாகத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் இந்தத் தடவை அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர் பேரை முழுசாக, தன் அத்தா பேரோடு சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"வரலாமா?" என்றார்.

"வாங்கத்தா," என்றேன், எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.